இலைமேல் கை

காரைக்குடி, செக்காலை ரோடு,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
மூன்று வாரமாக ஒரே ஒரு வரியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
நெட்வொர்க் கார்டின் டிரைவரில்
ஃப்ளோ கண்ட்ரோலுக்கு டீஃபால்ட் என்ன வைப்பது?
பூஜ்யமா, ஒன்றா, இரண்டா, மூன்றா.
நாலே விடை. நாலும் சரி.
அதுதான் தொல்லை.

வருவது கூடி, வாங்கும் இடம் நிரம்பினால்
கார்டு ஒரு சின்னச் செய்தி அனுப்பும்:
நிறுத்து.
பந்தியில் இலைமேல் கை வைப்பதுபோல.
வாளியோடு வந்தவர் நிற்பார்,
கையை எடுத்தால் ஊற்றுவார்.
சாம்பார் தரையில் ஓடாமலிருப்பது நல்லதுதானே
என்றுதான் எனக்கு முன்னால் எழுதியவர்
மூன்று என்று வைத்துவிட்டுப் போனார்.
சொன்னால் நிற்பேன், நானும் நிறுத்துவேன்.
பதினோரு வருடம் அதை ஒருவரும் தொடவில்லை.

பிறகு தேவகோட்டை.
அறுபது படுக்கை ஆஸ்பத்திரி,
ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப்போய் வந்த இரவு.
பில் போடும் அறையில் ஒரு கம்ப்யூட்டர்
நீலத் திரையோடு உறைந்தது.
கார்டுக்கு மட்டும் உயிர் இருந்தது.
அள்ள ஆளில்லாத பெட்டி நிரம்ப,
நிறுத்து என்றது.
ஒரு நிறுத்து முப்பத்துமூன்று மில்லி விநாடிதான்,
இமை மூடுவதற்குள் தீர்ந்துவிடும்.
தீருமுன் அடுத்தது.
தீருமுன் அடுத்தது.

இலைமேல் கை வைத்தபடியே
ஒருவர் தூங்கிப்போனார் என்று வையுங்கள்.
சாம்பார்க்காரர் மரியாதை தெரிந்தவர், நிற்கிறார்.
அவர் முதுகில் இடித்துக்கொண்டு ரசம்.
ரசத்துக்குப் பின்னால் மோர், அப்பளக் கூடை,
அடுப்படி வரைக்கும் வரிசை.
கடைசி இலையில் ஒரு பிள்ளை
வெறுஞ்சோற்றைப் பார்த்துக்கொண்டு.
யாரும் யாரையும் மறிக்கவில்லை.

அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர் ஆரோக்கியதாஸ்.
இரவு இரண்டு மணிக்கு சுவிட்சின் முன் மண்டியிட்டு
கேபிள்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியிருக்கிறார்.
லேப். எக்ஸ்ரே. மருந்து கொடுக்கும் ஜன்னல்.
பதினேழாவதைப் பிடுங்கியதும்
அத்தனை பச்சை விளக்கும் துடித்தனவாம்.
'வைரஸா சார்?' என்று எழுதியிருந்தார்.
சார் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.
நான் தெய்வானை.

'பூஜ்யம் வை' என்றான் பெங்களூரிலிருந்து லியாகத்.
யார் சொன்னாலும் கேட்காதே, யாரிடமும் சொல்லாதே.
வைத்துப் பார்த்தோம்.
கோட்டையூர் நூல் மில்லில்
இரண்டு மணிநேரத்தில் முடிகிற ராத்திரி பேக்கப்
விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது.
அங்கே சுவிட்ச் ஏழை. 'மெதுவா' என்று அது கெஞ்சியது
எங்கள் காதில் விழவில்லை.

ஆகவே ஒன்று.
சொன்னால் நிற்பேன்; யாரையும் நிற்கச் சொல்ல மாட்டேன்.
என் இலை நிரம்பினால் வழியட்டும்.
அனுப்பியவர் கணக்கு வைத்திருக்கிறார்,
விழுந்ததைத் திரும்ப அனுப்புவார்.
சிந்துவது அந்த ஒரு இலையோடு போகும்.

'பழைய மெஷின்களில் பாக்கெட் விழும்,
பழி உன்மேல் விழும்' என்றான்.
விழும்.
'வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளட்டுமே' என்றான்.
வேண்டியவர்களுக்கு
அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, லியாகத்.
பதினேழாவது கேபிள் வரைக்கும் தெரியாது.

மாற்றக் குறிப்பில் பந்தியை, சாம்பாரை,
அந்தப் பிள்ளையைக்கூட எழுதியிருந்தேன்.
வெட்டச் சொன்னான். வெட்டினேன்.
'உறைந்த கணினி சுவிட்சை முடக்காதிருக்க.'
மூன்றை அழித்து ஒன்று.
கீழே ஜெராக்ஸ் மெஷின் யாருடைய பத்திரத்தையோ
பக்கம் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது.

தை பிறந்து ஆரோக்கியதாஸ் மறுபடி எழுதினார்.
நெட்வொர்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
பிரிண்டரில் பேப்பர் சிக்குகிறதாம், சார்.
அது எங்கள் பொருளே இல்லை.
பின்பக்க மூடியைத் திறந்து பாருங்கள் என்று
பதில் போட்டேன்.